ஃபைட்டர் மீன் குஞ்சு பொரித்த வீட்டிலிருந்து

அன்பும் அறிவும் ஒருங்கே அமைந்தவன் என்று அண்மைக்காலம் வரை நான் நம்பியிருந்த என் தம்பிக்கு,

உன் அக்கா ஆசிகளுடன் எழுதுவது. இங்கே ஆண் மீன் நலம், பெண் மீன் நலம், குஞ்சுகள் யாவும் நலம். மனிதர்களின் நலத்தைப் பற்றிக் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன். அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நலமாகத்தான் இருப்பீர்கள். கேட்கவே வேண்டாம். உங்கள் வீட்டில்தான் மீன் இல்லையே.

அலுவலகத்தில் எழுதிப் பழகிய கை என்பதால் வேண்டுகோளை முதலிலேயே வைத்துவிடுகிறேன். உன் அத்தானின் பணி ஓய்வுக்கு நீ பரிசாகக் கொண்டுவந்த ஃபைட்டர் மீன் ஜோடியையும், அந்த ஜோடியால் இவ்வீட்டில் உண்டான வாரிசுகளையும், அவை குடியிருக்கும் தொட்டி, ஜாடி, பாட்டில், டப்பா ஆகியவற்றையும் நீ நேரில் வந்து எடுத்துச் செல்ல வேண்டும். காலம் தாழ்த்தினால் என்னையும் சேர்த்து எடுத்துச் செல்ல வேண்டியிருக்கும்.

நீ நல்ல எண்ணத்தில்தான் செய்தாய், மறுக்கவில்லை. ஆயுள் முழுக்க விளையாட்டு ஆசிரியராக இருந்த மனிதர் திடீரென்று வீட்டோடு வந்து விழுந்தால் என்ன செய்வார்? காலையில் எழுந்து கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு வரவேற்பறை நடுவில் நிற்பார். ஓடச் சொல்வதற்கு ஆள் கிடையாது. நான் வேலைக்குக் கிளம்பும்போது என்னைப் பார்த்து, "முதுகை நிமிர்த்தி நட" என்பார். அவ்வளவுதான் அவருடைய நாள். மாலையில் நான் திரும்பி வரும்போதும் ஏறக்குறைய அதே இடத்தில் அதே முகத்தோடு இருப்பார். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் நீ நீல நிறத்தில் ஒரு ஆணையும் வெளிர் நிறத்தில் ஒரு பெண்ணையும் தனித்தனி பாட்டிலில் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, "ரெண்டே ரெண்டு மீன்தானே அக்கா, ஒரு மூலையில கிடக்கும்" என்றாய். இன்று என் வீட்டில் மீன் இல்லாத மூலை ஒன்று இருந்தால் அங்கே போய் உட்கார்ந்து அழலாம் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டும் இரண்டு பாட்டிலில் இருந்தவரை பிரச்சினை இல்லை. குஞ்சு பொரிக்க வைக்க வேண்டும் என்று அத்தானுக்குத் தோன்றியதே, அன்று பிடித்தது சனி. ஆணையும் பெண்ணையும் ஒரே தொட்டியில் இறக்கிவிட்டால் மற்றதை அவை பார்த்துக்கொள்ளும் என்பது அவர் கட்சி. அதற்கு முன்னால் ஆணுக்கு உடற்பயிற்சி வேண்டுமாம். தினமும் காலையில் என் முகம் பார்க்கும் கண்ணாடியை அதன் முன்னால் பிடிப்பார். அது தன்னையே எதிரி என்று எண்ணிச் செவுளை விரித்து, துடுப்பெல்லாம் சிலிர்த்துக்கொண்டு பாயும். இவர், "சபாஷ், இன்னும் கொஞ்சம், மூச்சை விடாதே" என்று பக்கத்தில் நின்று ஊக்கம் கொடுப்பார். நான் கண்ணாடி பார்க்காமலே தலை வாரிக்கொண்டு வேலைக்குப் போவேன். பிறகு ஒரு நாள் விசில் ஊதிப் பெண்ணைத் தொட்டியில் விட்டார். ஆட்டம் தொடங்கியது. ஆனால் அது அவர் எதிர்பார்த்த ஆட்டம் இல்லை. கண் மூடித் திறப்பதற்குள் ஆண் அவளை மூலையில் தள்ளி வாலைக் கிழித்துவிட்டது. "முதல்ல அப்படித்தான் முறைச்சுக்கும், அப்புறம் சரியாயிடும்" என்று இவர் சொல்லச் சொல்ல அவள் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தாள்.

அப்போது, மகளோடு தான் குடியிருக்கும் மாடியறையிலிருந்து இறங்கி வந்தார் மாப்பிள்ளை. அவரைத்தான் உனக்குத் தெரியுமே. ஆய்வுக்கூடத்தில் அடுத்தவர் ரத்தத்தையும் சிறுநீரையும் சோதிக்கிற வேலை. எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டார். குளிக்கும் வெந்நீரில்கூடத் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொம்பைத் தொடுவார். அதுவரை மாமனாரிடம், "வாங்க மாமா", "சரிங்க மாமா" என்ற இரண்டைத் தவிர மூன்றாவது வாக்கியம் பேசியறியாதவர். வந்தார், பார்த்தார், ஒரு வலையை எடுத்து அந்தப் பெண் மீனைக் கோரி வேறு பாட்டிலில் விட்டார். "மாமா, இது கொலை" என்றார். அதுதான் அந்த மூன்றாவது வாக்கியம். தம்பி, போர் அப்படித்தான் ஆரம்பித்தது.

பாதாம் இலை ஊறிய தண்ணீரில் வைத்து மாப்பிள்ளை அவளைத் தேற்றினார். வால் மறுபடி வளர்ந்தது. வளர்ந்ததும் தன் முறையைக் காட்டப்போவதாக அறிவித்தார். என் மாவு டப்பாக்கள் இருந்த அலமாரியைக் காலி செய்து, தொட்டியில் சாண் உயரத்துக்கு மட்டும் தண்ணீர் விட்டு, சூடேற்றும் கருவி, வெப்பம் பார்க்கும் கருவி, தண்ணீரில் நனைத்தால் நிறம் மாறும் காகிதம் என்று ஒரு சின்ன மருத்துவமனையே கட்டிவிட்டார். பெண்ணைக் கண்ணாடிப் புட்டிக்குள் விட்டு அந்தப் புட்டியைத் தொட்டி நடுவில் நிறுத்தினார். ஆண் பார்க்கலாம், தொட முடியாது. உன் அத்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இதென்ன மீனா, சிறைச்சாலையில மனு கொடுத்துப் பாக்கிற கைதியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆனால் குறை சொல்லக்கூடாது, ஆண் மீன் தண்ணீர்மட்டத்தில் குமிழி குமிழியாக ஊதி, மிதந்த இலைக்கடியில் நுரையால் ஒரு கூடு கட்டிவிட்டது. பெண் உடம்பில் குறுக்குக் கோடு விழுந்தது. அதுதான் சம்மதமாம். மாப்பிள்ளை புட்டியை மெல்ல எடுத்தார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் நாலு பேரும் அந்த அலமாரிக்கு முன்னால் நின்றோம். நான் போகிற போக்கில் எட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான், தப்பாக நினைக்காதே. ஆண் வளைந்து அவளைச் சுற்றிக்கொண்டது. ரெண்டும் மயங்கினது மாதிரி அப்படியே நின்றன. அவளிடமிருந்து வெள்ளை வெள்ளையாக, கசகசா மாதிரி, முட்டை கீழே உதிர்ந்தது. ஆண் திடுக்கிட்டு விழித்துக் கீழே பாய்ந்து ஒவ்வொரு முட்டையாக வாயில் பொறுக்கி எடுத்துக்கொண்டு மேலே போய் அந்த நுரைக்குள் வைத்தது. ஒன்றைக்கூடத் தரையில் விடவில்லை. மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அத்தான் வாயில் விசில் இருந்தது, ஊதவில்லை. இந்த வீட்டில் அவ்வளவு அமைதி இருந்து எவ்வளவு காலம் ஆயிற்று தெரியுமா?

அந்த அமைதி, மாப்பிள்ளை பெண் மீனை வெளியே எடுக்கிறவரைக்கும்தான். அதில் ரெண்டு பேருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. அப்புறம் ஆணையும் எடுக்கப் போனார். அதை விட்டால் முட்டையைத் தின்றுவிடும், கூட்டை மட்டும் தனியே வைத்துப் பொரிக்க வைக்கலாம், எங்கேயோ அப்படிச் செய்கிறார்களாம். அத்தான் குதித்தார். "பெத்தவனைப் பிள்ளைகிட்டேருந்து பிரிக்கறதா? கீழே விழற முட்டையை நீங்க பொறுக்குவீங்களா மாப்பிள்ளை, வாயில?" என்றார். மாப்பிள்ளை எடுத்துவிட்டார். அவர் வேலைக்குப் போனதும் அத்தான் மறுபடி உள்ளே விட்டார். மாலையில் மாப்பிள்ளை எடுத்தார். காலையில் அத்தான் விட்டார். அந்த மீன் என்ன செய்யும் சொல்லு. எங்க ஆபீஸ்ல மூணு தடவை இடமாற்றம் வந்த ஆள் என்ன செய்வான்? வெறுத்துப்போயி அத்தனை முட்டையையும் தின்னுடுச்சு.

அன்னிக்கு அத்தான் சாப்பிடலை. மாப்பிள்ளை மாடியிலேருந்து இறங்கலை. அதுக்கப்புறம் ரெண்டு பேருக்கும் நேர்ப் பேச்சு நின்னு போச்சு. நடுவுல தபால்காரி நான். "அத்தை, தண்ணியை மாத்த வேண்டாம்னு மாமாகிட்ட சொல்லிடுங்க." "அளந்து பாக்கறதுக்கு இது மூத்திரம் இல்லேன்னு உன் மாப்பிள்ளைகிட்ட சொல்லு." ரெண்டு பேரும் ஒரே மேசையில, கைக்கெட்டற தூரத்துல உக்காந்துக்கிட்டு! நான் சோத்தைப் போடறதா, சேதியைச் சொல்றதா? மகளுக்கும் இதே கதிதான். ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கிட்டே, "அம்மா, நாங்க வேற வீடு பாத்துக்கறோம், இவர் சொல்லிட்டார்"னா. சொல்லிட்டு அவளே அழுதா. நானும் அழுதேன். ஒரு மீன் முட்டைக்காக ஒரு குடும்பம் ரெண்டாகறதை நீ எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கியா?

சரி, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சேந்து செஞ்சு பாருங்கன்னு மகள் ரெண்டு பேர் காலையும் பிடிக்காத குறையா கெஞ்சினா. வீடு பாக்கறதை அதுவரைக்கும் தள்ளி வச்சாங்க. பெண்ணைப் புட்டியில வைக்கறது மாப்பிள்ளை முறை, ஆணைக் கூட்டோட விடறது அத்தான் முறைன்னு ஒப்பந்தம். அதுவும் மகள் வாய் வழியாத்தான், நேர்ப் பேச்சு அப்பவும் இல்லை. முட்டை விழுந்துச்சு, பொரிஞ்சும் போச்சு. கூட்டுக்கடியில வால் கீழே தொங்க, தொங்கவிட்ட நூல் துண்டு மாதிரி நூத்துக்கணக்குல குஞ்சுங்க. எதாவது ஒண்ணு நழுவிக் கீழே போனா அப்பன் ஓடிப்போய்க் கவ்வி மேல கொண்டாந்து ஒட்டும். நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு. அடுத்தது சாப்பாட்டுப் பிரச்சினை. மாப்பிள்ளை உப்புத் தண்ணியில என்னமோ ஒரு இறால் முட்டையைப் பொரிக்க வச்சாரு. அத்தான் முட்டைக்கோஸ் இலையை அழுக வச்சு அந்தத் தண்ணியைச் சொட்டுச் சொட்டா விட்டாரு. அதுல கண்ணுக்குத் தெரியாத பூச்சி வருமாம். பூச்சி வந்துச்சான்னு தெரியாது, நாத்தம் வந்துச்சு. ஆனா இதெல்லாம் நான் பொறுத்துக்கிட்டேன். மொட்டை மாடியில அவர் செஞ்ச காரியத்தைத்தான் என்னால வெளியில சொல்ல முடியலை.

தம்பி, உன் அக்கா என்ன வேலை பாக்கறா? கொசு ஒழிப்புப் பிரிவுல மேற்பார்வையாளர். தெருத்தெருவா ஒலிபெருக்கியோட போய், "வீட்டைச் சுத்தி தண்ணி தேங்க விடாதீங்க, டிரம்மை மூடி வைங்க"ன்னு தொண்டை வத்தக் கத்தறவ. பூந்தொட்டித் தட்டுல ஒரு வாய்த் தண்ணி நின்னாலும் கவுத்துட்டுத் திட்டிட்டு வர்றவ. என் தலைக்கு மேல, என் வீட்டு மொட்டை மாடியில, பெரிய மீனுக்குத் தீனி வேணும்னு உன் அத்தான் ஒரு டிரம் நிறையக் கொசுப்புழு வளத்திருக்காரு! சாக்கு போட்டு மூடி, அதுக்கு மேல என் பழைய புடவையைப் போட்டு. எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. வீட்டுல கொசு ஜாஸ்தியா இருக்கேன்னு பக்கத்து வீட்டைத்தான் சந்தேகப்பட்டேன். அவங்க வீட்டை நானே ரெண்டு தடவை சோதனை போட்டேன்.

பெரிய அதிகாரி அம்மா திடீர்ச் சோதனைக்கு வந்தாங்க. எந்தத் தெருன்னு அவங்கதான் முடிவு பண்ணுவாங்க. என் தெரு. எந்த வீடு? "முதல்ல உங்க வீட்டுலேருந்தே ஆரம்பிப்போமே, ஜனங்களுக்கு முன்மாதிரியா இருக்கும்"னாங்க. நான் பெருமையா நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு முன்னால படி ஏறினேன். முதுகை நிமிர்த்தி நடந்த ஒரே நாள் அதுதான். மாடியில அத்தான் இருந்தாரு. ஒளிச்சிருக்கலாம்ல? அதிகாரியைப் பாத்ததும் அவருக்குச் சந்தோஷம். மாப்பிள்ளைகூடப் பேச்சில்லாம ஆள் கிடைக்காமத் தவிச்சுக்கிட்டிருந்தவரு, புடவையை உருவி, சாக்கை விலக்கி, "வாங்க மேடம், வந்து பாருங்க, எவ்வளவு ஆரோக்கியமா துள்ளுது! நல்ல தண்ணி, நிழல், தொந்தரவு இல்லாத இடம், இந்த மூணும் இருந்தாப் போதும்"னு பாடமே நடத்திட்டாரு. அந்த அம்மா கரண்டியால ஒரு தடவை மொண்டு பாத்தாங்க. அப்புறம் என்னைப் பாத்தாங்க. என் கூட வேலை பாக்கறவங்க எல்லாரும் வானத்தைப் பாத்தாங்க.

எங்க வீட்டுக்கு நோட்டீசு. எழுத வேண்டியது அந்தப் பகுதி மேற்பார்வையாளர். அது நான்தான். என் வீட்டு முகவரியை என் கையாலயே எழுதி, என் கையெழுத்தைப் போட்டு, என் வீட்டுக்காரர் கையில கொடுத்தேன். அவர் வாங்கிப் படிச்சுட்டு, "இந்த இடத்துல எழுத்துப்பிழை இருக்கு"ன்னாரு. டிரம்மைக் கவுத்தோம். ஆபீஸ்ல இப்ப எனக்குப் "புழு மேடம்"னு பேர். முன்னால யாரும் சொல்றதில்லை. நான் உள்ள நுழைஞ்சா பேச்சு நிக்குது, அதுலயே தெரியுது.

அதோட விட்டாங்களா? இந்தத் தெரு முழுக்க மறுநாளே புகை மருந்து அடிக்கணும்னு உத்தரவு. முன்னால நின்னு நடத்த வேண்டியதும் நான்தான். அந்தப் புகை மனுஷனுக்கு இருமல், மீனுக்கு எமன். சொட்டுத் தண்ணியில கலந்தாலும் போதும். நான் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். அத்தான் குஞ்சுத் தொட்டியைத் திரும்பிப் பாத்தாரு. "அடிக்காம விட முடியாதா?"ன்னு கேட்டாரு. ரொம்ப மெதுவாக் கேட்டாரு, அவர் அப்படிக் கேட்டு நான் பாத்ததில்லை. என்னால என்ன சொல்ல முடியும்? அதிகாரி கூடவே வர்றாங்க. முடியாதுன்னேன்.

மறுநாள் நான் தெருமுனையில ஒலிபெருக்கியில, "மீன் தொட்டிகளை மூடி வைக்கவும், உணவுப் பொருட்களை மூடி வைக்கவும்"னு சொல்லிக்கிட்டே வர்றேன். எங்க வீட்டு ஜன்னல் வழியாப் பாத்தா, குஞ்சுத் தொட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுக்கிட்டு மாமனாரும் மாப்பிள்ளையும் அங்குலம் அங்குலமா நகர்றாங்க. ஒரு அடிக்கு ஒரு விசில். குளியலறையில ஜன்னல் சின்னது, கதவு இறுக்கமானது. எல்லாத்தையும் உள்ள கொண்டுபோயி, ரெண்டு பேரும் உள்ளயே போய், கதவைச் சாத்தி, அடியில ஈரத் துண்டைத் திணிச்சுட்டாங்க. நான் என் வீட்டு வாசல்ல நின்னு புகை அடிக்கச் சொல்லிக் கையைக் காட்டினேன். அந்தக் கையை வெட்டிப் போடலாமான்னு இருந்துச்சு.

புகை போனதும் உள்ள ஓடினேன். கதவுக்கு வெளியில மகள் நிக்கறா. உள்ளேருந்து சத்தம். "மாமா, குஞ்சுங்க நீந்த ஆரம்பிச்சுடுச்சு, இப்பவாவது ஆணை எடுத்துடலாம். இதுக்கு மேல விட்டா ஆபத்து." "அவன் வேலை இன்னும் முடியலை மாப்பிள்ளை." "முழுங்குது மாமா, பாருங்க, வாயில போட்டுடுச்சு!" "முழுங்கலை, தூக்குறான்!" "முழுங்குது!" "இருங்க மாப்பிள்ளை, கையை எடுங்க, ஒரே ஒரு நிமிஷம் இருங்க!" அப்புறம் சத்தமே இல்லை. நானும் மகளும் கதவுல காதை வச்சுக்கிட்டு நிக்கறோம். எனக்கு அந்த மீன் முழுங்கிடுச்சுன்னா இந்தக் குடும்பம் அவ்வளவுதான்னு தோணிச்சு. திடீர்னு உள்ள ரெண்டு பேரும் ஒரே குரல்ல, "துப்பிட்டான்!"னு கத்தினாங்க. விசில் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டுச்சாம். "நாளைக்குக் காலையில எடுத்துடலாம் மாப்பிள்ளை"ன்னு அத்தான் குரல். "இல்ல மாமா, நீங்க சொல்றப்ப எடுக்கலாம்"னு மாப்பிள்ளை குரல். மகள் சுவரோட சாஞ்சு அப்படியே தரையில உக்காந்துட்டா.

இத்தோட கதை முடிஞ்சு சுபம்னு நீ நினைப்பே. நானும் நினைச்சேன். கதவு திறந்துச்சு. உடம்பெல்லாம் புகை நாத்தத்தோட, கண்ணுல தண்ணியோட நான் நிக்கறேன். ரெண்டு பேரும் என்னைப் பாத்தாங்க. அந்தப் பார்வையை நான் சாகறவரைக்கும் மறக்க மாட்டேன். மாமனார் தொட்டிக்கு முன்னால வந்து மறைச்சு நின்னாரு. மாப்பிள்ளை, "அத்தை, தள்ளி நில்லுங்க, உங்க புடவையில மருந்து இருக்கு"ன்னாரு. இவ்வளவு நாள் ஒருத்தருக்கொருத்தர் எதிரி. இப்ப ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு எதிரி கிடைச்சாச்சு. அது நான். வேற வீடு பாக்கற பேச்சே போச்சு. இப்ப தபால்காரி வேலை மகளுக்கு. "மீன் இருக்கிற அறைக்குள்ள ஆபீஸ் செருப்போட வரவேண்டாம்னு உங்க அம்மாகிட்ட சொல்லு"ங்கறாரு உன் அத்தான். முப்பது வருஷம் குடும்பம் நடத்தினவரு!

அதெல்லாம் நடந்து குஞ்சுங்களும் வளந்தாச்சு. ஆண் குஞ்சு ஒவ்வொண்ணையும் தனி ஜாடியில வைக்கணும், இல்லேன்னா அடிச்சுக்கும். ஒண்ணை ஒண்ணு பாத்தாலே சீறும்னு ஜாடிக்கும் ஜாடிக்கும் நடுவுல அட்டை வைக்கணும். எந்த அட்டை? நான் ஜனங்களுக்குக் கொடுக்கறதுக்காக ஆபீஸ்லேருந்து கொண்டாந்து வச்சிருந்த "கொசுவை ஒழிப்போம்" அட்டை. கட்டில் தலைமாட்டுல, துணி அலமாரியில, தையல் மெஷின் மேல, எங்க பாத்தாலும் ஒரு மீன், ஒரு கொசுப்படம், ஒரு மீன், ஒரு கொசுப்படம். குடிக்கத் தண்ணி எடுக்க டம்ளர் இல்லை. போன வாரம் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். ஜன்னலோரம் இருக்கிற சிவப்பு மீன் சுருண்டு சுருண்டு கிடக்குது, அதுக்கு வெயில் ஒத்துக்கலை, உள்பக்கம் வைங்கன்னு. மாமனாரும் மாப்பிள்ளையும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துச் சிரிச்சாங்க. "அது ஓய்வு எடுக்குது அத்தை"ன்னாரு மாப்பிள்ளை. அவங்க அந்தப் பக்கம் போனதும் நானே எடுத்து உள்பக்கம் வச்சேன். இப்ப அது நல்லா இருக்கு. அதை ஒருத்தரும் கவனிக்கலை.

ஆகவே தம்பி, இனி என்னால் இயலாது. வேலையில் மரியாதை போயிற்று, வீட்டில் பேச்சு போயிற்று, உட்கார நாற்காலிகூட இல்லை. இக்கடிதம் கண்டவுடன் ஒரு வண்டியை ஏற்பாடு செய்துகொண்டு வந்து, இந்த மீன்கள் அத்தனையையும் அள்ளிச் சென்று எனக்கு வாழ்வளிக்க வேண்டும். அத்தான் அழுதால் பார்க்காதே. மாப்பிள்ளை வாதாடினால் கேட்காதே. உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தங்கள். நீங்கள் எல்லாரும் நீண்ட ஆயுளும், நிறைந்த செல்வமும், துடுப்பில்லாத வீடும் பெற்று வாழ மனமார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தண்ணீரும் கண்ணீருமாக,
உன் அக்கா

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு, வேலைக்குப் போகும் வழியில் தபாலில் சேர்க்கலாம் என்று இரண்டு நாள் பையிலேயே வைத்திருந்தேன். அதற்குள் ஒரு விஷயம். மாமனாரும் மாப்பிள்ளையும் மகளைக் கூட்டிக்கொண்டு வண்ண மீன் கண்காட்சிக்கு வெளியூர் போயிருக்கிறார்கள். எதையும் தொடக்கூடாது என்று எனக்கு உத்தரவு. வால் கோணல் என்று அவர்கள் கழித்துக் கட்டிய பச்சை ஆண் ஒன்று குளியலறை வாளிக்குப் பக்கத்தில் ஒரு பாட்டிலில் கிடந்தது. பாவமா இருந்துச்சு. வேலையிலேருந்து வர்ற வழியில வண்ண மீன் கடையில நானே ஒரு பெண் மீனை வாங்கிட்டு வந்து, சமையலறையில அகலமான பேசின்ல ரெண்டையும் நடுவுல ஒரு சல்லடை வச்சு விட்டேன். விசில் கிடையாது, தெர்மாமீட்டர் கிடையாது. ஒரு இலையைப் போட்டுத் தட்டால மூடி, மறுநாள் சல்லடையை எடுத்துட்டு, நான் பாட்டுக்கு வேலையைப் பாத்தேன். சும்மா சும்மா எட்டிப் பாக்கக்கூடாது தம்பி, அங்கதான் ரெண்டு பேருமே தப்புப் பண்றாங்க. இன்னிக்குத் தட்டைத் திறந்தா, அந்தக் கோணவால் பையன் கட்டின கூட்டை நீ பாக்கணும்! விரல்கடை உயரம், நிறைய முட்டை. அதனால மீனை எடுக்கறதுக்கு வண்டி கொண்டு வராதே. வரும்போது ஒரு பெரிய தொட்டி கொண்டு வா, உன் வீட்டுக்குன்னு சொல்லிக்கலாம். வந்ததும் அப்பன் மீனை எடுக்கலாமா விடலாமான்னு நீயும் ஆரம்பிச்சுடாதே. இதுக்கு முறை ஒண்ணே ஒண்ணுதான் உண்டு, அது எனக்குத் தெரியும்.